சும்மாதான் கூப்பிட்டேன்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் திருத்தணியின் பெயர் அடிக்கடி செய்தியில் அடிபடும். வெயில் நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்களின் பட்டியலில்தான். போன வருஷம் அப்படியொரு கத்திரி வெயிலில், பள்ளிக்கூடத்து நண்பர்கள் ஐந்து பேருக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, நகரி போகும் வழியில் தெரிந்தவர் மாந்தோப்பு, ஆளுக்கொரு கட்டுச்சோறு. ஐந்து பேரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "என்னடா விசேஷம்?"

"சும்மாதான்" என்றேன். ஒருவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றான்.

அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவே இல்லை. ஐம்பதைத் தாண்டிய நாங்கள் எங்கே பார்த்துக்கொள்கிறோம்? கல்யாணத்தில் பார்ப்போம், மொய் எழுதிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவோம். சாவு வீட்டில் பார்ப்போம்; அங்கே என்ன பேச முடியும்? ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டத்தில் கையசைத்துக்கொள்வோம். ஒருவன் முகத்தை ஒருவன் பார்ப்பதற்கென்றே ஒரு நாள் எங்களிடம் இல்லாமல் போயிருந்தது.

ஆறு பேரும் வந்துவிட்டோம். என் பங்கு புளிசாதமும் தயிர்சாதமும். புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்தால் எந்த வெயிலிலும் சோறு சட்டென்று கெடாது. தயிர்சாதத்துக்குப் பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரு கரண்டி மோர் மட்டும் விட்டுப் பிசைய வேண்டும். மதியத்துக்குள் தூக்குவாளியிலேயே உறைந்து, புளிக்காமல் இருக்கும். அம்மா சொல்லிக்கொடுத்த கணக்கு. எங்களில் இருவர் வீட்டில் தெலுங்கு. திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது, அதற்காக ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் பட்ட பாடு பெரிது. ஆனால் சொந்தபந்தம் இன்றும் இரண்டு பக்கமும் இருக்கிறது. நண்பன் கோங்குரா பச்சடி என்று எடுத்து வைத்ததை நாங்கள் புளிச்சக்கீரைத் துவையல் என்று வழித்துத் தின்றோம். கார்த்திகையில் நெல்லி மரத்தடியில் ஊரே கூடி உண்பதைத் தெலுங்கில் வனபோஜனம் என்பார்கள். "நீ அதை வெயில்லயே வச்சிட்டே" என்றான் அந்த நண்பன்.

வெயிலில் வைத்ததில்தான் விஷயம் இருக்கிறது என்று அப்புறம் புரிந்தது. ஏப்ரல் கடைசி வாரத்தில் எங்கள் ஊருக்கு நேர் உச்சியில் சூரியன் வந்து நிற்கும். அன்று நண்பகலில் நட்ட குச்சிக்கு நிழலே விழாது. மே மாதத்திலும் மதிய நிழல் மரத்தடியை விட்டு அதிகம் விலகாது. காலையில் ஆளுக்கொரு மரத்தடியில் துண்டை விரித்தவர்கள், பன்னிரண்டு மணிக்கு அடர்ந்த ஒரே மரத்தடியில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். எங்களில் இருவருக்கு வரப்புத் தகராறில் எட்டு வருஷமாகப் பேச்சில்லை. கல்யாண வீட்டில் வேறு வேறு பந்தியில் உட்கார்ந்தே சமாளித்தவர்கள். இங்கே நகர்ந்தால் வெயில். ஒருவன் மாவடு இருந்த டப்பாவை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் மற்றவன் பக்கம் தள்ளினான். அவன் இரண்டு எடுத்துக்கொண்டான். சாயங்காலம் ஒரே வண்டியில் திரும்பினார்கள். தகராறு தீர்ந்ததா என்று நான் கேட்கவில்லை.

சூரனை வென்ற முருகன் சினம் தணிந்த இடம் என்பதால்தான் எங்கள் ஊர் தணிகை. அதனால் கந்த சஷ்டிக்கு மற்ற படைவீடுகளில் நடக்கிற சூரசம்ஹாரம் இங்கே கிடையாது, புஷ்பாஞ்சலிதான். பிறந்ததிலிருந்து கேட்ட கதை. அந்த மதியம் மாவடு டப்பா நகர்ந்தபோதுதான் எனக்கு அது ஊர்க் கதையாகப் பட்டது.

ஊட்டியும் கொடைக்கானலும் போக நானும் ஆசைப்படுகிறவன்தான். ஆனால் அங்கே போனால் இடத்தைப் பார்ப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. தோப்பில் பார்ப்பதற்கு எங்களைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

இந்த வருஷமும் கத்திரி வரும். பரணில் இருக்கும் தூக்குவாளியை இறக்கிக் கழுவி வையுங்கள். ரொம்ப நாளாகப் பேசாத நண்பருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். என்ன விசேஷம் என்று கேட்பார். சும்மாதான் என்று சொல்லுங்கள்.