நின்ற காளையும் அதன் மனமும்

1963-இல் ஸ்பெயினின் கோர்டோபாவில், மூளைக்குள் மின்முனை பதித்த காளை பாய்ந்து வந்தபோது நரம்பியல் ஆய்வாளர் ஹோசே டெல்காடோ அதைத் தூண்டும் பொத்தானை அழுத்தினார். காளை சட்டென நின்று ஒரு பக்கமாகத் திரும்பியது. சினத்தையே அணைத்துவிட்டதாகப் பேசினார்கள். நத்தம் வட்டார ஜல்லிக்கட்டில் காளையை அருகே கண்டவர்கள் அந்தத் திரும்பலைத்தான் கவனிப்பார்கள். தூண்டப்பட்டது மூளையில் அசைவை ஆளும் காடேட் பகுதி. தடைப்பட்டது கால்தான், கோபமல்ல என்று உளவியலாளர் எலியட் வாலன்ஸ்டைன் மறுத்தார். அதுவே எனக்குச் சரியாகப் படுகிறது.

மின்சாரம் மனத்தையே மாற்றினால் ஆன்மா எங்கே என்று கேட்கலாம். சைவ சித்தாந்தத்தில் மனமும் மாயையில் பிறந்த கருவியே; கருவி இடறுவதால் அறியும் உயிர் இல்லையென்று ஆகாது. விலங்கின் மூளையில் இப்படிச் சோதிப்பது சரியா என்பது வேறு கேள்வி. குரங்குகளில் 1990-களில் நடந்த ஆய்வுகளால்தானே பார்க்கின்சன் நோயாளியின் உடல் இறுக்கம் இன்று மூளைக்குள் தரும் மின்தூண்டலால் தளர்கிறது? உண்மை. ஆனால் குரங்கு மூளை நம்முடையதைப் போன்றது என்பதே அந்த ஆய்வுக்கு நியாயமென்றால், அதன் வலியும் நம்முடையதைப் போன்றதே. ஆய்வுக்கு அனுமதி தரும் குழு முதலில் அந்த வலியைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.