அர்ஃபஜாவின் மூக்கு

என் கைப்பையில் நான்கு மாதங்களாக ஒரு கடிதம் கிடக்கிறது. என்னைக் கிளினிக்கில் பார்த்துவரும் வைத்தியர், கொழும்பிலுள்ள சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவருக்கு எழுதித் தந்தது. உயரம் 155 சென்ரிமீற்றர், நிறை 104 கிலோ, உடற்திணிவுச் சுட்டி 43, பதினான்கு வருடச் சீனி வருத்தம், இரண்டு முழங்கால்களிலும் தேய்வு. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியகற்றும் சத்திரசிகிச்சைக்கு இவர் பொருத்தமானவர் என்று அதில் எழுதியிருக்கிறது. ஐம்பத்து நான்கு வருட வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக வேறு எவரும் எழுதியதில்லை.

இக்கடிதத்தைப் பற்றி யோசிக்கவைத்தவள் ஓர் அயல்வீட்டுப் பிள்ளை. முள்ளியவளையில் எங்கள் வளவுக்கு இரண்டு வளவு தள்ளி அவர்களது வீடு. அவளது தாயும் நானும் வித்தியானந்தக் கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் நாங்களும் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனோம். அவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். 2008 டிசம்பரில் முள்ளியவளையை இராணுவம் பிடித்தபோது அவர்களும் சனத்தோடு சனமாகப் புதுக்குடியிருப்புப் பக்கம் நகர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போனார்கள். 2009இல் அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயது. ஷெல் விழுந்து பற்றிய தீயில் இடது காதிலிருந்து வாயோரம் வரை கன்னம் வெந்துபோயிற்று. உயிர் தப்பினாள். காயம் ஆறி, சுருங்கிப் பளபளக்கும் தழும்பாக நின்றுவிட்டது. சாப்பிட, கதைக்க அதனால் தடையில்லை.

அந்தத் தழும்பைச் சத்திரசிகிச்சையால் ஓரளவு சீராக்கலாம் என்று வைத்தியர்கள் சொல்லியிருக்கிறார்கள். தாய்க்குச் சம்மதமில்லை. ஒரு பின்னேரம் பிள்ளை என்னிடம் வந்து கேட்டாள்:

"டீச்சர், ஆண்டவன் படைச்சதை மாத்தப்படாது எண்டு உங்கட மார்க்கத்திலயும் இருக்காம் எண்டு அம்மா சொல்றா. உண்மையோ?"

"நல்லாத்தானே இருக்கிறாய் பிள்ளை" என்றேன். "சாப்பிடக் கதைக்க ஒரு குறையுமில்லை. எத்தனை பேர் உயிரையே விட்டிட்டாங்க. அழகுக்காக உடம்பில கத்தி வைக்கிறது எங்களுக்குக் கூடாது தான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, குத்திக் காட்டும் தொனி சிறிதுமில்லாமல், "நீங்கள் மெலியிறதுக்கு ஒப்பரேசன் செய்யப் போறியளாமே டீச்சர்?" என்று கேட்டாள்.

"அது வருத்தத்துக்கு" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நான் அவளுக்குச் சொன்னது அரைகுறையான பதில். அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் சபதமிட்டதை சூரா நிஸாவின் 119ஆம் வசனம் கூறுகிறது. பச்சை குத்துவோர், முகத்து உரோமத்தைப் பிடுங்குவோர், அழகுக்காகப் பற்களை இடைவெளியாக்கிக் கொள்வோர் ஆகியோரைச் சபிக்கும் ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இவ்விரண்டையும் நம்மில் அநேகர் அறிவர். அர்ஃபஜா (ரலி) அவர்களின் மூக்கைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஜாஹிலிய்யாக் காலத்தில் குலாப் என்னுமிடத்தில் நடந்த போரில் அர்ஃபஜா பின் அஸ்அத் மூக்கை இழந்தார். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார். அது துர்நாற்றம் வீசிற்று. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தால் செய்துகொள்ளும்படி அவரைப் பணித்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியிருக்கும் சம்பவம் இது. ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்ட மார்க்கத்தில் ஓர் ஆணின் முகத்தின் நடுவிலே தங்கம் அனுமதிக்கப்படுகிறது. அந்தத் தங்க மூக்கு மணம் நுகர்ந்திருக்காது. அது இல்லாவிட்டாலும் அவர் உயிர் வாழ்ந்திருப்பார், சாப்பிட்டிருப்பார், கதைத்திருப்பார். பிறகு அது எதற்கு? மனிதர்கள் மத்தியில் முகத்தோடு நடமாடுவதற்கு. அந்தத் தேவையை யாரும் வீண் அலங்காரம் என்று தள்ளிவிடவில்லை. அவரும் போரில் முகம் இழந்தவர்தான்.

இக்காலத்து உலமாக்களும் இந்த வேறுபாட்டைப் பேணியிருக்கிறார்கள். 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி, அழகுச் சத்திரசிகிச்சை குறித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பிறவிக் குறைகளையும், விபத்தாலும் தீயாலும் நோயாலும் ஏற்பட்ட குறைகளையும் சீராக்குவது ஆகும். இயல்பான தோற்றத்தை வெறும் ஆசைக்காகவோ இன்னொருவரைப் போலாவதற்காகவோ மாற்றுவது ஆகாது. உடற்பருமன் ஒரு நோய் நிலையாகி, வேறு வழியும் இல்லாமல், தீங்கு நேராதென்ற உறுதியும் இருந்தால் சத்திரசிகிச்சை மூலம் எடை குறைப்பதும் ஆகும். ஆக, அந்தப் பிள்ளையின் தழும்புக்கு எங்கள் மார்க்கத்தில் தடையில்லை. என் இரைப்பைக்கும் நிபந்தனைகளோடு அனுமதி இருக்கிறது.

பிரச்சினை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். எனக்கு இங்கேதான் தொடங்கிற்று.

கடிதத்தை வாங்கிக்கொண்டு கிளினிக்கிலிருந்து வெளியே வந்தபோது என் மனதில் முதலில் வந்தது என்ன? சீனி அல்ல, முழங்கால் அல்ல. அடுத்த வருடம் என் மகளின் கலியாணம். மூத்த மகனின் நிகாஹ் படங்களில் அபாயாவையும் மீறிக்கொண்டு நிற்கும் என் உருவத்தை நான் பார்ப்பதே இல்லை. அந்த ஞாபகம்தான் முதலில் வந்தது. வருத்தம் உண்மை, சுட்டியின் எண்ணும் உண்மை. அவற்றின் மறைவில் இன்னொரு ஆசையும் பதுங்கியிருந்தது. அதே ஆசையை அந்தப் பிள்ளையின் முகத்தில் கண்டபோதுதான் நான் ஹதீஸைத் தூக்கினேன்.

நோய் என்ற சொல்லும் நாம் நினைப்பதுபோல் அசையாக் கல் அல்ல. 1991இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் கூட்டிய நிபுணர்கள், சுட்டி 40ஐ எட்டியவர்களுக்கும், 35ஐ எட்டிப் பாரிய நோய்களும் உள்ளவர்களுக்கும் இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தார்கள். 2022இல் இத்துறையின் சர்வதேச அமைப்புகள் அந்த எல்லையைக் கீழே கொண்டுவந்தன: 35க்கு மேல் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம், எங்களைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே வழங்கலாம். குறைந்த எடையிலேயே எங்களுக்குச் சீனி வருத்தம் வருவது இதற்கொரு காரணம். அறிவு வளரும்போது எல்லை மாறுவது தவறல்ல. ஆனால் பத்வா நோயில் நிற்கிறது, நோய் எண்ணில் நிற்கிறது, எண் நகர்கிறது. அப்படியிருக்க, "அனுமதி உண்டா?" என்ற கேள்வி மட்டும் மனச்சாட்சிக்குப் போதுமா?

பள்ளிவாசல் நிருவாகத்திலிருக்கும் என் நானா ஒருவர் வேறொரு கோணத்தில் கேட்டார். "வயிற்றில மூணிலொரு பங்குதான் சாப்பாட்டுக்கு எண்டு ரஸூலுல்லாஹ் சொல்லித் தந்திருக்காங்க. கையால செய்ய வேண்டியதை ஏன் கத்தியால செய்யப் போறாய்?"

நியாயமான கேள்வி. ஆனால் கை எப்போதும் மனம் சொல்வதைக் கேட்பதில்லை என்பதை நான் அறிவேன். புத்தளத்து முகாமில் நிவாரண அரிசியை அளந்து உலையில் போட்ட காலம் எங்களுடையது. மிச்சம் வைக்காதே, வீசாதே, கிடைக்கும்போது உண் என்று உம்மா பழக்கினா. இன்றும் சஹனில் ஒரு பிடி சோறு மிஞ்சினால் என் கை தானாக அதற்குப் போகிறது. பசி குணத்தில் மட்டுமல்ல, உடம்பிலும் இருக்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. இந்தச் சத்திரசிகிச்சை இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை, அந்த மேற்பகுதியோடு சேர்த்து அகற்றுகிறது. மிஞ்சுவது ஒரு குழாய். வயிறு சிறுப்பதோடு பசியும் அடங்குவது அதனால்தான். பருமனானவர் எல்லோரும் பேராசைக்காரர் என்ற தீர்ப்பு மார்க்கத்தின் பெயரால் சொல்லப்பட்டாலும் அநீதியே.

எனினும் வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. வாழ்நாள் முழுவதும் விற்றமின்களும் இரும்புச்சத்தும் எடுக்க வேண்டும். முதல் மாதங்களில் நோன்பு பிடிப்பது வைத்தியரின் சொல்லில் தங்கியிருக்கும். மெலிந்தபின் தொங்கும் தோலை அகற்ற இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டும் என்று மனம் கேட்கலாம்; அப்போது அதை எந்தப் பெயரால் அழைப்பேன்? உயிராபத்து அரிது, ஆயிரத்தில் ஓரிருவர் என்ற அளவில்தான் சொல்வார்கள். ஆனால் 2024 ஏப்ரலில் சென்னையில் எடை குறைக்கப் படுத்த 26 வயதுப் புதுச்சேரி இளைஞர் மௌத்தானார். அந்த வீட்டாருக்கு ஆயிரத்தில் ஒன்று என்பது ஒரு கணக்கே அல்ல. மறுபுறம், அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த இமான் அஹ்மத் என்ற சகோதரி ஏறத்தாழ 500 கிலோ எடையோடு ஆண்டுக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தவர். 2017 பெப்ரவரியில் விமானத்தில் மும்பை ஸைபி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டு, மார்ச்சில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. எடை பெருமளவு குறைந்தது. பல ஆண்டு நோய்களால் இதயமும் சிறுநீரகமும் தளர்ந்திருந்த அவர், அதே வருடம் செப்டெம்பரில் அபூதாபியில் மௌத்தானார். கத்திக்குப் பயப்படவும் காரணம் உண்டு, கத்தி வரும்வரை காத்திருக்கவும் பயப்படக் காரணம் உண்டு.

இனி அந்தப் பிள்ளையிடம் வருகிறேன். தாயின் மறுப்புக்குக் கடவுள் மட்டும் காரணமல்ல. வெளியிலிருந்து வந்த சிலர் அந்தக் கன்னத்தைப் படமெடுத்துப் போயிருக்கிறார்கள். "அது எங்களுக்கு நடந்ததுக்குச் சாட்சி, அழிக்கப்படாது" என்று ஊரில் ஒருவர் சொல்லியிருக்கிறார். சாட்சியம் பெரிய கடமைதான். ஆனால் 1990இன் சாட்சியாக நீங்கள் புத்தளத்து ஓலைக் குடிசையிலேயே கிடவுங்கள் என்று எவராவது எங்களிடம் சொல்லியிருந்தால் ஏற்றிருப்போமா? கல்வீடு கட்டியவர்களைப் பார்த்து, இவர்கள் இனியும் அகதிகளா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்வி எவ்வளவு வலித்தது! நடந்ததை எழுதலாம், பதியலாம், பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அதைச் சுமக்க ஒரு பெண்ணின் கன்னம்தான் வேண்டுமென்பது கொடுமை.

முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த படையினருக்காக 1917இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் ஓர் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஹரோல்ட் கில்லிஸ் என்ற வைத்தியர் தலைமையில் அங்கே 5,000க்கும் மேற்பட்டோருக்குச் சத்திரசிகிச்சைகள் நடந்தன. இன்றைய அழகுச் சத்திரசிகிச்சையின் நுட்பங்களில் பல அங்கே வளர்ந்தவை. அவ்வூர்த் தெருவில் சில வாங்குகளுக்கு நீலவர்ணம் பூசினார்களாம். முகம் சிதைந்தவர் ஒருவர் அங்கே இருக்கக்கூடும் என்று ஊரவர் முன்கூட்டியே அறிந்துகொள்வதற்கு. எங்கள் பிள்ளைக்கு நீலவர்ணம் பூசியவர் யாருமில்லை. ஆனால் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து ஸீற் கடைசி வரை காலியாகவே இருக்கும் என்று தாய் ஒருமுறை சொன்னது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் ஹதீஸுக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. பனூ அஸத் கோத்திரத்தைச் சேர்ந்த உம்மு யஃகூப் என்ற பெண்மணி அவர்களைத் தேடிவந்து கேள்வி கேட்டார். உங்கள் மனைவியிடமே இதில் ஏதோ இருப்பதாக நினைக்கிறேன் என்றும் சொன்னார். அவர்கள் கோபிக்கவில்லை, உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னார்கள். பெண்மணி போய்ப் பார்த்தார், எதுவுமில்லை. கடுமையான ஒரு சட்டத்தைப் பிறருக்குச் சொல்பவர், தன் வீட்டுக் கதவை முதலில் திறந்துவிட வேண்டும் என்று நான் இதிலிருந்து விளங்கிக்கொள்கிறேன். என் வாசலுக்கு வந்த உம்மு யஃகூப் அந்தப் பிள்ளை. நான் கதவைத் திறக்காமல், "அது வருத்தத்துக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இன்னொருவரின் தேவையை அழகு ஆசை என்று பெயரிட எனக்கு உரிமையில்லை. அவரது உள்ளத்தை நான் பார்க்க முடியாது. என் உள்ளத்தை மட்டுமே பார்க்க முடியும்; எனவே சந்தேகத்தை அங்கேதான் செலவிட வேண்டும். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சலுகையை நமக்கு வைத்துக்கொண்டு, பேணுதலை அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறோம்.

போன வெள்ளிக்கிழமை நான் அவளது வீட்டுக்குப் போனேன். அன்று சொன்னது பிழை என்று தாயின் முன்னிலையிலேயே சொன்னேன். அர்ஃபஜா (ரலி) அவர்களின் கதையையும் சொன்னேன். தாய் ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணீர் ஊற்றித் தந்தா. "தங்கத்திலயோ டீச்சர்?" என்று கேட்டுப் பிள்ளை சிரித்தாள். சிரிக்கும்போது தழும்பு இழுபட, அவள் வழக்கம்போல் கையால் கன்னத்தை மறைத்தாள்.

என் விடயத்தையும் வைத்தியரிடம் பேசினேன். எப்படியும் சில மாதங்கள் உணவுக் கட்டுப்பாடும் பரிசோதனைகளும் இருக்கின்றன, அவசரமில்லை என்றார். மகளின் கலியாணம் முடிந்த பிறகு ஒரு திகதி தரும்படி கேட்டிருக்கிறேன். நிகாஹ் படத்தில் இதே உருவத்தோடுதான் நிற்கப் போகிறேன். அதற்குப் பிறகும் கொழும்புக்குப் போக மனம் சொன்னால், அது வருத்தத்துக்குத்தான் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளலாம்.