பிறகு வந்தவர்களின் வரி

கலிபோர்னியாவில் 1978 ஜூன் 6 அன்று 13ஆம் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. சொத்து வரி மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வீடு கைமாறும்வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள்.

அவர்கள் பயத்தைக் கேலி பண்ண முடியாது. வீட்டு விலை ஏறினால் ஓய்வூதியக்காரர் கையில் காசு ஏறிடுமா?

ஆனால் விளைவைப் பாருங்க. ஒரே தெருவில் ஒரே மாதிரி இரண்டு வீடுகள். புதிதாக வாங்கியவர், நாற்பது வருடமாக இருப்பவரைவிடப் பல மடங்கு கட்டுகிறார். தீயணைப்பு வண்டி இரண்டுக்கும் ஒரே வேகத்தில்தான் வரும். 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்றது. செல்லும், சரி. நியாயமா?

முதியவரைக் காக்கணும் என்றால், வீடு விற்கும்வரை அவர் வரியைத் தள்ளிப்போடலாம். அதே பாதுகாப்பு பெரிய வணிகக் கட்டடங்களுக்கு எதற்கு? அதை மாற்ற வந்த 15ஆம் முன்மொழிவு 2020இல் தோற்றது.

பெரும்பான்மை தன் சுமையைத் தானே குறைத்துக்கொள்ளலாம். அந்தச் சுமை எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. 1978இல் பிறக்காதவர்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. பில் மட்டும் அவர்கள் பெயருக்கு வருகிறது. தன்னைக் காப்பது உரிமை. பிறகு வருபவனிடம் கேட்காமல் அவன் கணக்கில் எழுதுவதை நான் உரிமை என்று சொல்ல மாட்டேன்.