நம்மை நாம் அறிவோமா?

“எனக்கு ஒன்றும் ஆகாது, வேண்டுமானால் நாளையே விட்டுவிடுவேன்.” போதையின் வாசலில் நிற்பவர் பலர் சொல்லும் சொல் இது. தன் பலத்தைத் தானே நிறுக்கும் இவருடைய தராசு சரியானதுதானா?

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அரசாங்கம் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது நமது சேலம் ஜில்லாவில்தான். நாமக்கல்லும் அப்போது அதனுள் அடங்கியிருந்தது. 1971இல் சட்டம் நீங்கியது, கடை திறந்தது. வாசற்காவல் வேறு, மனக்காவல் வேறு என்பது இதனால் விளங்கும்.

“நாம்தான் மதுவைத் தொடுவதில்லையே!” என்று நிம்மதி கொள்வதும் ஆபத்தே. இரவெல்லாம் லாரி ஓட்டுபவர் விழித்திருக்க வாயில் அடக்கும் புகையிலையும், வலி போன பின்னும் தொடரும் வலி மாத்திரையும் எந்தக் கணக்கில் சேரும்?

அடிமையாகும் அபாயத்தில் ஏறக்குறையப் பாதி பரம்பரை வழி வருவது என்பது மருத்துவ ஆய்வாளர் கணிப்பு. இளவயதில் தொடங்கியவருக்கும், துயரை மறக்க நாடுபவருக்கும் அது அதிகம். ஆகவே கேட்டுக்கொள்வோம்: நம் குடும்பத்தில் அடிமையானவர் உண்டா? துக்கம் வந்தால் நம் கை எதை நாடுகிறது? நாம் மறைத்துச் செய்வது எது?

“இல்லை” என்றே விடை வந்தாலும் ஏமாறலாகாது. நிறுக்கும் அறிவையே அன்றோ போதை மயக்குகிறது! அதனால்தான் திருமறை (5:90) அளந்து பார்க்கச் சொல்லாமல் விலகி நிற்கவே கட்டளையிடுகிறது.

நம் பழக்கங்களை அறிந்த வீட்டாரிடமும் கேட்போம். அவர்கள் சொல்வது நமக்குக் கசந்தால், அக்கசப்பே ஒரு விடை. ஏற்கெனவே விழுந்தவரை இகழாது, மருத்துவரிடம் கைபிடித்து அழைத்துச் செல்வோம். தன் நஃப்ஸை நம்பாதவரே தன்னை அறிந்தவர். அல்லாஹ் நம்மைக் காப்பானாக!