மூச்சுக்கு எல்லை வகுப்பவர் யார்?

மட்டக்களப்பு–கல்முனை வீதியில் களுதாவளைச் சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயிலைக் கடந்து போனவர்கள் உங்களிற் பலர். திருவிழாக் காலத்து நாதஸ்வரத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஊதுபவரின் மூச்சு சீவாளிக்குள் நுழைந்து, உதட்டின் இறுக்கத்தால் நெளிந்து, கமகமாக வெளிவருகிறது. அந்த மூச்சை இயந்திரத்திடம் ஒப்படைப்பது தகுமா?

ஒப்படைத்தே விட்டார்கள். 1970களில் அமெரிக்காவில் லிரிகோன் என்ற கருவி வந்தது. 1987இல் ஜப்பானின் அக்காய், யமஹா நிறுவனங்கள் இத்தகைய இலத்திரனியல் குழல்களை விற்பனைக்கு விட்டன. இவற்றில் அதிரும் சீவாளி கிடையாது. ஊதும் காற்றின் அமுக்கத்தை உள்ளேயுள்ள உணரி அளக்க, ஓசையை மின்சுற்று பிறப்பிக்கிறது. 1983இல் வந்த மிடி முறைப்படி, மூச்சு பெரும்பாலும் 0 முதல் 127 வரை 128 படிகளாகவே எழுதப்படுகிறது.

இது போலி இசை என்பாரும் உளர். நான் அப்படி நினைக்கவில்லை. களுதாவளைக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த யாழ்நூலில், மறைந்த யாழ்களின் சுரங்களைக் கணக்குப் போட்டே தேடினார் அன்றோ?

என்னை உறுத்துவது வேறொன்று. எவ்வளவு மெல்லிய மூச்சுக்குக் கருவி ஒலிக்கத் தொடங்க வேண்டும்? இதைக் கருவியை அமைப்பவர் தம் மேசையிலிருந்தே தீர்மானிக்கிறார். அந்த எல்லைக்குக் கீழே நிற்கும் மூச்சு, ஊதியும் ஊதாததே. திடகாத்திரமான நெஞ்சை அளவாகக் கொண்டால், தொய்வு நோயாளியும் முதியவரும் வெளியே நிற்க வேண்டியதுதான். மூங்கிலும் பலவீனருக்கு இரங்குவதில்லை, உண்மை; ஆனால் மூங்கிலுக்குத் தெரிவு இல்லை. அமைப்பவருக்கு உண்டு. ஆகவே பொறுப்பும் உண்டு.

நெதர்லாந்தில் கைகளை அசைக்க இயலாதோருக்கென 'மஜிக் புளூட்' என்ற குழலைப் பயன்படுத்துகிறார்கள். தாங்கியிற் பொருத்திய அக்குழலைத் தலையால் மேலும் கீழும் சாய்த்தால் சுரம் மாறும். மூச்சு ஓசையை ஆளும். அங்கே இயந்திரம் மனிதனின் இடத்தைப் பறிக்கவில்லை, கொடுத்திருக்கிறது.

ஆனால் இரக்கம் என்ற பெயரில், எப்படி ஊதினாலும் ஒரே இனிய ஓசை தரும்படி செய்துவிட்டால்? ஊதுபவர் வெறும் ஆளி தட்டுபவராகிவிடுவார். பிழையாக ஊதினால் பிழையாகவே ஒலிக்கும் உரிமையும் அவருக்கு வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இத்தகைய குழல் கேட்டால், அதில் எத்தனை வாத்திய ஓசைகள் உண்டென்று கடைக்காரரிடம் விசாரிப்பதற்கு முன், மிக மெதுவாக ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கொஞ்சம் கூட்டி ஊதச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாகவே கேட்டால், அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.