திரிபா, யோகக் காட்சியா?

உண்டவரின் மனநிலையை மாற்றும் தாவரங்கள் பல சமயங்களின் சடங்குகளில் இடம் பெற்றிருக்கின்றன. மெக்சிகோவின் ஹுய்சோல் மக்களுக்குப் பெயோட்டே என்னும் சிறு கள்ளி. அமேசான் காட்டு மக்களுக்கு அயவாஸ்கா என்னும் கஷாயம். மத்திய ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ப்விட்டி நெறியினருக்கு இபோகா வேர்ப்பட்டை. ரிக் வேதத்தின் ஒன்பதாம் மண்டலம், ஏறத்தாழ முழுவதுமாக, சோமத்தைப் பாடுகிறது. பிழிந்தார்கள், கம்பளியில் வடிகட்டினார்கள், பாலில் கலந்தார்கள் என்பதெல்லாம் தெரிகிறது. எந்தச் செடி என்பது மட்டும் இன்னும் தெளியவில்லை. ஆய்வாளர் கார்டன் வாசன் 1968இல் அதைச் செந்நிறக் காளான் என்றார். எபிட்ரா புதர் என்பவர்களும் உண்டு.

இவற்றால் எழும் காட்சியை அறிவு என்று கொள்ளலாமா என்பது சமயத் தத்துவத்தின் கேள்வி. அதைக் கேட்பதற்கான சொற்கள் தமிழில் 13ஆம் நூற்றாண்டிலேயே ஆயத்தமாகிவிட்டன. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், அளவைப் பகுதியில், காட்சியை வகைபிரிக்கிறது. கயிற்றைப் பாம்பென்றே காண்பது திரிவுக் காட்சி. கயிறோ பாம்போ என்று தடுமாறுவது ஐயக் காட்சி. சமாதியில் நின்றவர் இடமும் காலமும் கடந்து அறிவது யோகக் காட்சி. செடியைத் தின்றவர் கண்டது இவற்றில் எது?

மேற்கில் இந்த வாதம் 1950களில் சூடுபிடித்தது. எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1953 மே மாதம் பெயோட்டேயின் சத்தான மெஸ்கலினை உட்கொண்டு, ஜாடியில் இருந்த மலர்களிலும் தம் கால்சட்டையின் மடிப்புகளிலும்கூட இருப்பின் மெய்ம்மையைக் கண்டதாக அடுத்த ஆண்டு எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டின் கீழைச் சமயப் பேராசிரியர் ஆர். சி. ஸேனர் தாமும் அதையே உட்கொண்டு பார்த்தார். அவருக்கு அடக்க முடியாத சிரிப்புத்தான் வந்தது. இயற்கையில் கரைவதும் இறைவனை அடைவதும் வேறு வேறு என்று அவர் 1957இல் பதில் நூல் எழுதினார். 1962ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று, பாஸ்டன் நகரில், வால்டர் பான்கே என்ற ஆய்வாளர் 20 இறையியல் மாணவர்களில் பாதிப் பேருக்குக் காளானின் சத்தான சைலோசைபினும் ஒப்பீட்டுக்காக மற்றவர்களுக்கு நிக்கோடினிக் அமிலமும் கொடுத்து வழிபாட்டைக் கேட்க வைத்தார். சைலோசைபின் பெற்றவர்களில் பெரும்பாலோர் ஆழ்ந்த சமய அனுபவம் வாய்த்ததாகச் சொன்னார்கள். ஒருவர் நிலைகுலைந்ததால் அவருக்கு மனத்தை அடக்கும் மருந்து கொடுக்கப்பட்ட செய்தி மூல அறிக்கையில் வரவில்லை. 1991இல் வெளியான மறு ஆய்வில்தான் வந்தது. அனுபவத்தின் உயரத்தை நுணுக்கமாக அளந்தவர்கள், அதன் பள்ளத்தை அதே நுணுக்கத்தோடு குறிக்கவில்லை.

வாதிட்டவர்கள் பலரும் எல்லாச் செடிகளையும் ஒரே செடியாகவே பாவித்தார்கள். தமிழில் ‘போதை’ என்ற ஒரே சொல் கள், அபின், கஞ்சா, ஊமத்தை எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிவிடுவதைப் போலத்தான் இதுவும். உடலுக்குள் அவை செய்யும் வேலை வெவ்வேறு, ஆபத்தும் வெவ்வேறு. ஆகவே மேற்சொன்ன கேள்விக்கு விடையும் செடிக்குச் செடி மாறுகிறது.

ஊமத்தையை எடுத்துக்கொண்டால் வேறுபாடு பளிச்செனத் தெரியும். உன்மத்தம், அதாவது பித்து, என்பதே அதன் வடமொழிப் பெயர்களில் ஒன்று. இலை, பூ, விதை எல்லாவற்றிலும் அட்ரோபின், ஸ்கோபோலமைன் முதலிய நஞ்சுகள் உண்டு. அசிட்டைல்கோலின் என்ற நரம்புத் தூதுப் பொருளை அவை வேலை செய்யவிடுவதில்லை. நாக்கு வறண்டு ஒட்டும், தோல் சிவந்து கொதிக்கும், கண்மணி விரிந்து வெளிச்சம் கூசும், சிறுநீர் கட்டிக்கொள்ளும், நாடி பறக்கும். மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவர் வெறுங்காற்றில் நூல் பிரிப்பார்; விரலிடுக்கில் இல்லாத பீடியை இழுப்பார்; என்றோ காலமான பாட்டி கட்டிலோரம் உட்கார்ந்திருப்பதாக அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். தெளிந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது. சித்தியாரின் சொல்லில் இது கலப்பற்ற திரிவுக் காட்சி; ஐயம் எழுவதற்குக்கூட இடம் தராதது. கண்டதைத் திரும்பச் சொல்ல முடியாதவர் எதை அறிந்தார் என்று கேட்கவே வழியில்லை. நஞ்சின் அளவும் செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறுவதால், ஒருமுறை பிழைத்தவர் மறுமுறையும் பிழைப்பார் என்பதற்கு உறுதி கிடையாது. தேவாரம் சிவனை ஊமத்தை சூடியவனாகப் பாடுகிறது. அது சூட்டும் பூ. ஆலகாலம் உண்டவன் தலைக்கு அதை ஒப்படைத்துவிட்டு, அடியார் தம் வாய்க்குக் கொண்டுபோகாமல் இருந்ததைச் சமய அறிவின் ஒரு பகுதி என்றே சொல்ல வேண்டும்.

பெயோட்டே இதற்கு நேர் எதிர். அதன் மெஸ்கலினை ஆர்தர் ஹெஃப்டர் 1897இல் பிரித்தெடுத்தார். செரட்டோனின் ஏற்பிகளில் வேலை செய்யும் இந்தப் பொருளால் நிறம் பெருகும், காலம் நீளும்; ஆனால் தாம் ஒரு காட்சியைக் காண்கிறோம் என்ற உணர்வு பொதுவாக விலகுவதில்லை, மறுநாள் நினைவும் இருக்கும். அமெரிக்கப் பழங்குடியினர் 1918இல் ஓக்லஹோமாவில் பதிவுசெய்த பூர்வகுடி அமெரிக்கத் திருச்சபையில் அதை உண்பது தனியாள் காரியம் கிடையாது. கூம்புக் கூடாரத்துக்குள் பிறைவடிவ மண்மேடை. அதன் முன் நெருப்பு. நீர் நிரப்பிய முரசும் சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பையும் கைமாறிக் கைமாறி வட்டமாகச் சுற்றும். நடத்துநர் ஒருவர் இரவு முழுக்க ஒவ்வொருவரையும் கவனித்தபடி இருப்பார். விடியலில் ஒரு பெண் தண்ணீர் கொண்டுவருவாள். வாந்தி வந்தால் தூய்மை என்பார்கள். இப்படிப் பெயோட்டே உண்டுவந்த நவஹோ பழங்குடியினரை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வு, அவர்களின் மனத்திறனில் குறைவு எதையும் காணவில்லை. அந்த முடிவைக் கள்ளிக்கு மட்டும் வழங்கும் சான்றிதழாக எடுத்துக்கொள்வது பிழை. முரசுக்கும் நடத்துநருக்கும் அதில் பங்கு உண்டு.

அயவாஸ்கா ஒரே செடியிலிருந்து வருவதும் இல்லை. ஒரு கொடியும், வேறொரு புதரின் இலையும் சேர்ந்தது. காட்சி தரும் டிஎம்டி இலையில் இருக்கிறது. தனியே குடித்தால் குடலிலுள்ள மோனோஅமின் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியிலுள்ள ஹார்மின் அந்த நொதியைத் தடுக்கிறது. பிரேசிலின் சாந்தோ தைமே சபையில் ஆண்கள் மரக்கட்டைகளால் கொடியைத் தட்டி நாராக்குவார்கள், பெண்கள் இலையைச் சுத்தம் செய்வார்கள், பிறகு இரண்டையும் அடுக்கி நெடுநேரம் கொதிக்க வைப்பார்கள். கஷாயத்தின் நுட்பம் எந்த இடத்தில் இருக்கிறதோ, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. மனச்சோர்வுக்காகச் செரட்டோனினைக் கூட்டும் மாத்திரை எடுப்பவர் இதைக் குடித்தால் செரட்டோனின் மிகையாகி உடல் விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிரே போகலாம். அமேசான் மரபிலும் பத்தியம் உண்டு. ஆனால் அந்தப் பத்தியம் வகுத்தவர்கள் காலத்தில் இந்த மாத்திரைகள் இல்லை. மரபு காக்கும் என்று அதன்மேல் முழுப் பாரத்தையும் போடுவது மரபுக்கே நியாயமாகாது.

இபோகாவின் ஆபத்து இதயத்தில். அதன் சத்தான இபோகைன் இதயத் துடிப்பின் மின்சுழற்சியை நீட்டுகிறது; துடிப்பு தாறுமாறாகி மரணம் நேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. உடலில் அது மாறி உருவாகும் பொருள் நெடுநேரம் தங்குவதால், காட்சி ஓய்ந்த பின்னும் ஆபத்து ஓய்வதில்லை. கஞ்சாச் செடியில் இதைப் போன்ற உடனடி உயிராபத்து குறைவு. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பூ, காய் நுனிகளைக் கஞ்சா என்று தடுத்து, நுனியோடு சேராத இலையை விட்டுவைத்தது. வடநாட்டுச் சிவராத்திரிப் பாங்கு நிலைத்திருப்பது இந்த இடைவெளியில்தான். மெஸ்கலின், டிஎம்டி, கஞ்சா மூன்றுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு: தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ மனச்சிதைவு நோய் இருந்தவர்களுக்கு இவை அந்நோயைக் கிளப்பிவிடக்கூடும்.

பதஞ்சலி இந்தக் கேள்வியை ஒதுக்கவில்லை. யோக சூத்திரத்தின் நான்காம் பாதம், சித்திகள் பிறப்பாலும் மூலிகையாலும் மந்திரத்தாலும் தவத்தாலும் சமாதியாலும் வருவதாகத் தொடங்குகிறது. மூலிகையால் வருவது பொய் என்று அவர் சொல்லவே இல்லை. சில சூத்திரங்கள் தள்ளி, தியானத்தில் பிறந்த சித்தம் மட்டுமே வாசனைப் பதிவு மிச்சமில்லாதது என்கிறார். காட்சியின் உண்மையைவிட, அது கலைந்த பின் ஆளிடம் என்ன மிஞ்சுகிறது என்பதே அவருக்கு அளவுகோல். திருமூலர் கள்ளுண்ணாமையில் எடுக்கும் வழி இன்னும் நேரடியானது: கள்ளைக் கண்டித்து, சிவானந்தத்தையே தேறலாக வைக்கிறார். இரண்டுமே ஊமத்தையை உடனே வெளியே தள்ளிவிடும். பெயோட்டே உண்ணும் நவஹோ மூத்தவரை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.

பூர்வகுடி அமெரிக்கத் திருச்சபையினரின் இன்றைய கவலை வேறு. பெயோட்டே காட்டில் முதிர்வதற்குப் பத்து ஆண்டுக்கு மேல் பிடிக்கும். வேரை விட்டுத் தலையை மட்டும் அரிந்தால் மறுபடி தளிர்க்கும். அவசரக்காரர்கள் வேரோடு பிடுங்குவதால் தெற்கு டெக்சாசில் அது அருகிவருகிறது. மனமாற்றப் பொருள்கள் சிலவற்றை வைத்திருப்பது குற்றமாகாது என்ற மசோதா ஒன்று கலிபோர்னியாவில் நிறைவேறி, 2023இல் ஆளுநரால் நிராகரிக்கப்பட்டது. அது மெஸ்கலினைச் சேர்த்தது, பெயோட்டேயை விலக்கியது. கள்ளியைத் தங்களுக்கு விட்டுவிடும்படி பழங்குடித் தலைவர்கள் கேட்டிருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் செய்த மெஸ்கலினும் மூலக்கூறு அளவில் அதேதான். கூடாரத்தில் அமர்ந்தவர்களுக்கு அது பெயோட்டே ஆகாது.