ஆடுவதற்குக் காரணம் வேண்டுமா?

"விளையாடி என்ன கிடைக்கும்?" தென்காசி, குற்றாலப் பக்கத்து வீடுகளில் பந்தோடு கிளம்பும் பையனிடம் அதிகம் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் தவறாமல் கேட்கிறோம். கடலூர் இந்துமதி கதிரேசனைக் காட்டிப் பதிலும் சொல்கிறோம்: இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரர், காவல் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் சென்னையில் அவர் காக்கியில் நின்றது செய்தியாயிற்று. நியாயமே. 2018இல் மணிப்பூரை வென்று தமிழ்நாடு தேசியப் பட்டம் பெற்றபோதும் அவர் அணியில் இருந்தார். அந்த ஆட்டம் காக்கி அளவுக்கு நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

வேலையும் சேவையும் ஆட்டத்தின் பலன்கள். அனுமதிச் சீட்டுகள் அல்ல. வேலை கிடைக்காத ஆட்டக்காரியின் மாலைகள் வீணா? பயனைக் காட்டித்தான் ஒருத்தி தன் நேரத்தைக் கேட்டு வாங்கவேண்டும் என்றால், அந்த நேரம் இன்னும் அவளுடையது ஆகவில்லை.